அரை மாத்திரை

அவள் கணவனின் அண்ணனுக்கு வீட்டில் 'அரை டாக்டர்' என்று பேர். மருந்துக்கடையில் இருபது வருஷம் பெட்டி அடுக்கிய மகராசன். யாராவது தும்மினால் போதும், அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எட்டிப் பார்க்கும்.

அவளுடைய இரண்டு வயது மகளுக்குச் சளிக்காய்ச்சல் வந்தபோதும் அவர்தான் முந்திக்கொண்டார். தையல் மிஷினை விட்டு அவள் எழுந்து வருவதற்குள் ஆஸ்பிரினைப் பாதியாக உடைத்து, தேனில் குழைத்து ஊட்டியாகிவிட்டது. நாலு நாளும் அதே வைத்தியம். "டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றவளிடம் கணவன், "அண்ணனுக்குத் தெரியாததா?" என்றான். அவனுக்கு அண்ணன் சொன்னதெல்லாம் கல்வெட்டு.

காய்ச்சல் இறங்கியது. அண்ணன் மீசையை நீவிக்கொண்டார். ஐந்தாம் நாள் காலையில் குழந்தை வாந்தியெடுக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. மத்தியானம் அவள் தூக்கியபோது, யாரோ எவரோ என்று மிரண்டு அலறியது. பிறகு தோளில் துவண்டு கண் சொருகியது.

"தூங்கட்டும்மா. தூக்கம் நல்லது," என்றார் அண்ணன், பேப்பரைப் புரட்டியபடி.

"இது தூக்கமா மாமா? அவளுக்கு என்னையே அடையாளம் தெரியல."

"உனக்கு எல்லாத்துக்கும் பதட்டம்."

அவள் குழந்தையைத் தோளில் இறுக்கிக்கொண்டாள். அவர் பையிலிருந்து அட்டையை உருவிக்கொண்டு, செருப்புகூட மாட்டாமல் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி காய்ச்சல்ல சின்னப் பசங்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாதும்மா. அபூர்வமா மூளை வீங்கிடும், ஈரலும் கெட்டுடும். இப்பவாவது கொண்டு வந்தீங்களே."

பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சை. அதில் ஐந்து நாள் குழந்தைக்காக மிஷின்தான் மூச்சு விட்டது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வலது கை எதையும் பிடிக்கவில்லை. மெல்ல வரும் என்றார் டாக்டர். எவ்வளவு வரும் என்று சொல்லவில்லை.

வார்டுக்கு மாற்றிய அன்று அண்ணன் ஒரு பை பழத்தோடு வந்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் பாடம் நடத்தினார்: "காய்ச்சலை நான் அப்பவே இறக்கிட்டேன். அதனாலதான் புள்ள தாங்குச்சு."

கணவன் தலையாட்டத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"மாமா," என்றாள் அவள் நிதானமாக, "இங்க படிச்சவங்க இருக்காங்க. பழத்தை வெச்சிட்டு நீங்க கிளம்புங்க. இனிமே எம் பொண்ணு வாயில உங்க கை போகக் கூடாது."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி எழுந்திருக்கவில்லை, நர்ஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சியாகக் குழந்தையின் வலது கை விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான். அதையும் தப்பாகத்தான் செய்தான். அவள் அவன் கையை விலக்கி, எப்படி என்று மறுபடி காட்டினாள்.