பொட்டாசியம் ஏறவில்லை

பரிதிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு, திருக்காட்டுப்பள்ளி வீட்டில் அவன் வாய்க்கு மனைவி மலர்க்கொடிதான் காவல். அதற்குக் காரணம் இருந்தது. டயாலிசிஸ் தொடங்கிய புதிதில், சொந்தத் தோப்பில் பழுத்த பூவன் பழத்தை ஆசைக்குத் தின்றுவிட்டு வரப்பிலேயே சுருண்டு விழுந்தான். தஞ்சாவூரில் எடுத்த இ.சி.ஜி. தாளில் கோடுகள் கூடார முனைபோல நிமிர்ந்து நின்றன.

"வாழைப்பழத்துல இருக்குற பொட்டாசியம் ரத்தத்துல ஏறிடுச்சும்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயம் நின்னுருக்கும்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து காய்களை வேகவைத்து வடித்த பிறகுதான் தாளிப்பாள். பழம் கிடையாது, இளநீர் கிடையாது. தண்ணீர்கூட அளந்துதான். பரிதி முணுமுணுப்பான், மீற மாட்டான்.

குறுவை அறுவடை முடிந்த சமயம். டயாலிசிஸுக்கு முன் எடுத்த இ.சி.ஜி.யைப் பார்த்த நர்ஸ், "இதுல மாத்தம் தெரியுது. நாளைக்கு ஹார்ட் டாக்டரைப் பாத்துடுங்க" என்றாள். மலர்க்கொடி காதில் விழுந்தது 'மாத்தம்' என்பது மட்டும்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள்.

"தோப்புக்குப் போனீங்கல்ல? எத்தனை பழம் தின்னீங்க?"

"சத்தியமா எதையும் தொடலை மலரு."

"பொய் சொல்லாதீங்க. உங்க நாக்கு ருசிக்கு நான் தாலியறுக்கணுமா?"

ஊரிலிருந்து வந்திருந்த அவன் தங்கை வானதியும் அவள் வீட்டுக்காரரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பரிதி தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப் பக்கம் போனான். சாப்பிட வரவில்லை.

மறுநாள் எக்கோ எடுத்துப் பார்த்த ஹார்ட் டாக்டர் மலர்க்கொடியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"பொட்டாசியம் ஏறலைம்மா. சாப்பாட்டை நல்லாதான் கட்டுப்பாடா வச்சிருக்கீங்க. கிட்னி வியாதியும் பல வருஷத்து பிரஷரும் சேர்ந்து இதயச் சதை தடிச்சுப்போச்சு. இ.சி.ஜி. காட்டுறது அதைத்தான். மாத்திரை தர்றேன். ஆனா துடிப்பு எப்ப வேணா தடம் மாறலாம்."

வெளியே பெஞ்சில் இருந்தவன், "என்ன சொன்னாரு?" என்றான். சொன்னாள். 'நான்தான் சொன்னேனே' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், மன்னிப்பும் கேட்டிருப்பாள். அவனோ, "சரி வா, பஸ்ஸு வந்துரும்" என்று எழுந்தான்.

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டில் நடவு வேலை காத்திருந்தது. அப்புறம் என்னென்னவோ வந்தது. அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே கட்டிலில் சாய்ந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்து கிளம்பும்போது வானதி மலர்க்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு பொத்திப் பாத்துக்கிட்டீங்க அண்ணி."

"உங்க முன்னாடி அவரைத் திருடனாக்கிட்டேனே வானதி. தப்புன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே."

"அண்ணன் அதையெல்லாம் மனசுல வச்சிருக்காது."

"வச்சிருக்க மாட்டார்தான்" என்றாள் மலர்க்கொடி. "எனக்குத்தான் சொல்லணும்னு இருந்துச்சு."