நடைக்கு ஒரு கேடயம்

குமரகுருபரனின் மடியில் கேடயம் இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து முக்கூடல் போகும் பஸ்ஸில் கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரும் அதை எட்டிப் பார்த்தார்கள். "கபடியா சார்?" என்று கேட்டார் முன்சீட்டுக்காரர். டிரில் வாத்தியார் என்பது கழுத்தில் தொங்கிய விசிலிலேயே தெரிந்துவிடும். "இல்ல அண்ணாச்சி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நல்ல சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் வளர்க்கும் சிறந்த பள்ளி என்று கேடயத்தில் பொறித்திருந்தது. அதைத் தொப்பைமேல் சாய்த்துவைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பக்கத்து சீட்டில் தலைமையாசிரியை ஜயலக்ஷ்மி. அவருக்கு அந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு பிரம்மநாயகி, புது வெள்ளை கான்வாஸ் சூ பஸ்ஸின் அழுக்கில் படாதபடி கால்களைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நாம என்ன பண்ணினோம்னு இதைக் குடுத்தா, குமரகுருபரன்?" என்று ஜயலக்ஷ்மி மெதுவாகக் கேட்டார்.

"அதான் டீச்சர் எனக்கும் விளங்கல."

பாதி விளங்கத்தான் செய்தது. முக்கூடலிலிருந்து வடக்குப்பத்துக்கு முன்பெல்லாம் ஒரு டவுன் பஸ் போய்வந்தது. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் வாய்க்கால்மேல் இருந்த தாம்போதிப் பாலம் உடைந்தது, பஸ் நின்றது. பாலத்தைத் திரும்பக் கட்டி வருஷங்கள் ஆகிவிட்டன, பஸ்ஸுக்கு மட்டும் வழி மறந்துவிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே வாய்க்கால் கரையோடு பள்ளிக்கு நடந்தே வந்தார்கள். பெண்பிள்ளைகளில் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் நடந்து தாக்குப்பிடித்தவள் பிரம்மநாயகி மட்டும்தான். பத்தாம் வகுப்பென்றால் இருட்டும்வரை ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. அவள் அப்பா ஆவுடைநாயகம் பொங்கலுக்கு முன்பே பள்ளிக்கு வந்து சொல்லிவிட்டார்.

"சார்வாள், பஸ் வந்தா அனுப்புதேன். இல்லன்னா இந்தப் பரீச்சையோட சரி. அந்தக் கரையில ஒத்தப் பொட்டப்பிள்ளைய இருட்டுல எப்படி விடுவேன்? நீங்களே சொல்லுங்க."

குமரகுருபரனுக்கும் ஒரு மகள் உண்டு.

பஸ் கேட்டு மனு கொடுத்துக் கொடுத்து அலுத்திருந்த நேரத்தில்தான் வண்ணார்பேட்டை டாக்டர்கள் சிலர் சேர்ந்து, பிள்ளைகளின் ஆரோக்கியத்தைக் கவனிக்கும் பள்ளிக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். நேரில் வந்து பார்ப்பார்களாம். பரிசு கொடுக்கப்போவது பஸ் விடுகிற இடத்து அதிகாரியாம். குமரகுருபரனின் மூளை அன்றைக்குப் பார்த்து வேலைசெய்தது. பார்க்க வருகிறவர்களை வடக்குப்பத்துக்கே கூட்டிப்போய் அங்கிருந்து பிள்ளைகளோடு நடக்கவைத்தால் போதும். படுகிற பாடு தெரிந்துவிடும், மேடையில் ரெண்டு வார்த்தை சொல்வார்கள், பஸ் வந்துவிடும். "கேடயம் கெடச்சா பஸ் கெடச்ச மாதிரி அண்ணாச்சி" என்று ஆவுடைநாயகத்திடம் வாக்கே கொடுத்துவிட்டார்.

டாக்டர் மும்தாஜ் பேகம் வந்தது ஒரு தை மாதக் காலையில். வெயில் ஏறவில்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போனது. பிள்ளைகளாவது கொஞ்சம் களைத்துக் காட்டக் கூடாதா? மடைகளைத் தாண்டிக் குதித்து, ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் ஒரு பம்புசெட்டுத் திண்டில் உட்கார்ந்துவிட்டது குமரகுருபரன்தான்.

"உங்களுக்குத்தான் சார் மூச்சு வாங்குது. பிள்ளைங்கள பாருங்க!" என்று சிரித்தார் டாக்டர்.

"தெனமும் நடக்குதுக டாக்டரம்மா. மழையிலயும் நடக்குதுக."

"அதான் சார் வேணும்!"

மத்தியானம் பிள்ளைகளின் தட்டில் முருங்கைக்கீரையைப் பார்த்து அவர் முகம் இன்னும் மலர்ந்தது. கேட்டுக்கு வெளியே பஜ்ஜிக் கடை, மிட்டாய்க் கடை எதுவுமே இல்லையே, எப்படிக் கட்டுப்படுத்தினீர்கள் என்று கேட்டார். வாங்க ஆளில்லாததால் எவரும் கடை போடவில்லை. முருங்கை வேலியோரம் சும்மா கிடைப்பது. ஜயலக்ஷ்மி, "அது பாட்டுக்கு அப்படியே இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதைத் தன்னடக்கம் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார்.

இன்றைக்குப் பரிசளிப்பு மேடையில் மும்தாஜ் பேகம் மனம் உருகிப் பேசினார். இந்த நடையை யாரும் நிறுத்திவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் பஸ் அதிகாரி. தனக்குச் சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொல்லியும் கேட்கவில்லை, இந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் புத்தி வந்தது என்றார். பிரம்மநாயகிக்கு அவரே சூ பரிசளித்தார். பஸ்ஸைப் பற்றிச் சொல்ல குமரகுருபரன் நான்கு வாக்கியம் பாடம் பண்ணி வைத்திருந்தார். மைக்கும் அவர் கைக்கு வந்தது. கூட்டம் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. இந்தப் பிள்ளைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? அப்படியானால் இத்தனை நாள் பஸ் கேட்டது தப்பா? "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டுமா, தலையில் அடித்துக்கொள்ள வேண்டுமா என்று இந்த நிமிஷம்வரை அவருக்குத் தெரியவில்லை.

முக்கூடலில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. மகளைக் கூட்டிப்போக வந்திருந்த ஆவுடைநாயகம் கேடயத்தைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கெடச்சிட்டா சார்வாள்! என்னைக்கிலேருந்து பஸ்ஸு?"

"இது வேற அண்ணாச்சி."

"வேறன்னா?"

"நாங்க நடந்து வாறதுக்குக் குடுத்திருக்காங்கப்பா" என்றாள் பிரம்மநாயகி.

ஆவுடைநாயகம் கேடயத்தை வாங்கி, எழுத்துகளின்மேல் விரலை வைத்து முழுக்கப் படித்தார். கோபப்படுவார் என்று குமரகுருபரன் எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லதுதான சார்வாள் இது?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

குமரகுருபரன் ஜயலக்ஷ்மியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். ஆவுடைநாயகம் கேடயத்தைப் பைய குமரகுருபரன் கையில் திருப்பி வைத்துவிட்டு, "வாட்டி, இருட்டுது" என்று மகளைக் கூப்பிட்டார்.

பிரம்மநாயகி குனிந்து சூவைக் கழற்றினாள்.

"ஏட்டி, போட்டுக்கிட்டு நடயேன். அதுக்குத்தான குடுத்தாங்க?" என்றார் குமரகுருபரன்.

"தேஞ்சிரும்லா சார். பத்தாங்கிளாசுக்கு வேணும்லா."

ஆவுடைநாயகம் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முன்னால் நடந்தார். அவள் பின்னால் வெறுங்காலோடு போனாள். வாய்க்கால் கரை திரும்பும் இடத்தில் அவர்களுடைய உருவங்கள் வாழைகளோடு கலந்துவிட்டன. கேடயத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி குமரகுருபரன் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கையில் ஆடிக்கொண்டிருந்த வெள்ளைச் சூ மட்டும் இருட்டில் கொஞ்ச தூரம் தெரிந்தது.