இரண்டு அளவு பெரிய சைக்கிள்

எதை வாங்கினாலும் ஒரு சுற்று லூஸாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது தையல்காரரின் கட்சி. பெரியதைப் பிடித்துச் சிறியதாக்கிவிடலாம். சிறியதைப் பெரியதாக்க உள்ளே துணி வேண்டும். இருபது வருடமாகச் சட்டையிலும் ரவிக்கையிலும் பலித்துவந்த இந்தத் தத்துவத்தை அவர் மனைவியின் சைக்கிளிலும் கடைப்பிடித்தார். சைக்கிளைப் பிடித்துத் தைக்க முடியாது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

மனைவிக்குத் தபால் ஆபீசில் வேலை. பதினோரு வருடமாகக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். மலை வீடுகளுக்கு மோட்டார் பைக்கில் தபால் கொண்டுபோனவர் மாற்றலாகிப் போனார். அதே மாதம் மண் சரிந்து மலைச் சாலையும் போனது. மிஞ்சியது கல்லும் வேருமாக ஓர் ஒற்றையடிப் பாதை. இனி அந்தப் பதினேழு வீட்டுக்காரர்களும் கீழே இறங்கி வந்தே தபாலை வாங்கிக்கொள்ளட்டும் என்று போஸ்ட்மாஸ்டர் உத்தரவு எழுதப்போன நேரத்தில், "சார், நான் சைக்கிள்ல போறேன்" என்று இவள் எழுந்து நின்றுவிட்டாள்.

போஸ்ட்மாஸ்டர் கெட்டவர் இல்லை; கடிகாரத்துக்கு வாழ்க்கைப்பட்டவர், அவ்வளவுதான். "அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு தடவை போயிட்டு வாங்க. பதினேழு வீட்டையும் முடிச்சு, மூணு மணி தபால் வண்டி கிளம்பறதுக்குள்ள இங்க வந்து நின்னா ரூட் உங்களுது. இல்லேன்னா பழையபடி கவுன்ட்டர்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னும் ஒரு வருஷம் முத்திரை குத்தினேன்னா, தூக்கத்துல உங்க நெத்தியில குத்திடுவேன். நல்ல மலை சைக்கிளா ஒண்ணு பார்த்து வைங்க" என்றாள்.

பார்த்துத்தான் வைக்கச் சொன்னாள். இவர் வாங்கியே வந்துவிட்டார். அவள் அளவுதான் அவருக்கு மனப்பாடமாயிற்றே.

சைக்கிள் கடையை நடத்துவது ஒரு பெண். முழங்கை வரை கிரீஸ், காதுக்குப் பின்னால் ஸ்பானர் செருகாத குறை.

"யாருக்குண்ணே?"

"வீட்ல இருக்கறவங்களுக்கு. மலை ஏறணும்."

"உயரம் சொல்லுங்க."

உயரம் சொன்னார். தோள், கை, கழுத்திறக்கம் எல்லாம் சொன்னார். கால் உள்ளளவு கேட்டபோதுதான் கொஞ்சம் இருமினார். ரவிக்கைக்கு அது தேவைப்பட்டதில்லை.

அவள் ஒரு சைக்கிளை உருட்டிவந்தாள். மேல் குழாய் நடுவில் நன்றாகத் தாழ்ந்திருந்தது. "இது லேடீஸ் மலை சைக்கிள். சட்டுனு காலை ஊனி இறங்கலாம்."

"இது காய்கறி வாங்கப் போற சைக்கிள் மாதிரி இருக்கேம்மா. கெத்தா ஒண்ணு குடு." சுவரில் தொங்கிய உயரமான கறுப்புச் சைக்கிளைக் காட்டினார்.

"அண்ணே, அது ரெண்டு சைஸ் பெரிசு."

"பரவாயில்ல, பிடிச்சுக்கலாம்."

"எதைப் பிடிக்கறது?" என்று அவள் உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். அவர் பணத்தை எண்ணி வைத்தார். தொழில் ரகசியம்.

மனைவி அந்தச் சைக்கிளை ஒருமுறை சுற்றிவந்தாள். "முப்பத்தெட்டு வயசுக்கு மேல நான் எவ்வளவு வளருவேன்னு கணக்கு போட்டீங்க?"

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஆல்ட்டரேஷன்தான். சீட்டை இறக்கினார். கைப்பிடி எட்டவில்லை என்றதும் அதைத் தாங்கும் தண்டைக் கழற்றிக் குட்டையானது போட்டார். சீட் வலிக்கிறது என்றாள். பெண்களுக்கென்றே செய்த அகலமான சீட் வந்தது. ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லை என்றாள். பின்சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய பல்சக்கரம் ஏறியது. அதன்பின் சுவரில்கூட ஏறலாம் போல மிதி லேசானது. குலுக்கலைத் தாங்கும் முன் ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும் வேலையையும் அவரே ஏற்றார். தாமே ஏறி உட்கார்ந்து, குலுக்கிப் பார்த்து, திருப்தியாக அடித்தார். சமதரையில் மனைவி பறந்தாள். தெருவே பார்த்தது. அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் முன்பு, ஞாயிறன்று, மலைப் பாதையில் ஒத்திகை. பழைய செய்தித்தாளை அடைத்த தபால் பையோடு அவள் முன்னால் போக, தண்ணீர் பாட்டிலோடு இவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தார். ஏறினாள், அழகாகவே ஏறினாள். மூன்றாவது வீட்டு வாசலில் நின்றாள். அதாவது, நிற்கப் பார்த்தாள். ஒரு கால் தரையைத் தேடியது. தரை அங்கே இல்லை, சரிவாக ஒரு கல்தான் இருந்தது. மேல் குழாய் விடவில்லை. பையோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். நான்காவது வீட்டிலும் விழுந்தாள். ஐந்தாவது வீட்டு நாய் குரைக்காமல் பரிதாபமாகப் பார்த்தது.

முழங்காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத்தான் கால் தடுமாறுது. வயசாயிடுச்சு போல" என்றாள்.

தையல்காரருக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும். கடைக்கு வருகிறவர்கள், அக்குளில் இறுக்கிப் பிடிக்கும் புது ரவிக்கையை மேஜைமேல் வைத்துவிட்டு, "நான்தான் குண்டாயிட்டேன் போலண்ணே" என்பார்கள். தப்பு அவர் கத்திரியில் இருக்கும். அவர் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஒரு மாதிரி ஆட்டி வாங்கி வைத்துக்கொள்வார். இருபது வருடம் அப்படி ஆட்டிய தலை இன்றைக்கு ஆட மறுத்தது.

"உன் கால்ல ஒண்ணும் இல்ல" என்றார். "ரெண்டு சைஸ் பெரிசுன்னு கடைக்காரப் பொண்ணு அன்னைக்கே சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

அவள் கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"அஞ்சு வாரமா, நமக்கு இது வராதுன்னு நினைச்சுட்டு இருந்தேங்க. கவுன்ட்டரே மேல்னு சொல்லிடலாமான்னு கூட பார்த்தேன்."

அவர் பாட்டில் மூடியைத் திறந்தார், மூடினார்.

"நல்ல வேளை" என்று அவள் எழுந்தாள். "மக்கு நான் இல்ல. இறங்குங்க, கடைக்குப் போலாம்."

கடைக்காரப் பெண் சைக்கிளைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். நாகரிகமானவள்; மூன்றாவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"எத்தனை தடவை நிக்கணும்க்கா?"

"பதினேழு வீடு. நாய் இருக்கற வீட்டுல ரெண்டு தடவை."

"ரேஸ் ஓட்டறவங்க நடுவுல நிக்கவே மாட்டாங்க. நீங்க நிக்கறதுக்குன்னே போறீங்க. இறங்கறது சுலபமா இருந்தாத்தான் உங்களால ஏறவே முடியும்."

காய்கறி சைக்கிள் வந்தது. மனைவி அதன் இருபுறமும் கால் போட்டு நின்றாள். இரண்டு பாதமும் தரையில், குழாய்க்கு மேலே ஒரு சாண் இடம். பெரிய பல்சக்கரம், அகல சீட், மிதிகள் எல்லாம் கறுப்புச் சைக்கிளிலிருந்து கழன்று இதற்கு மாறின. முன் ஃபோர்க் விஷயத்தை மட்டும் கடைக்காரப் பெண் சும்மா விடவில்லை. பெரியதில் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது யாரோட எடைக்கு அடிச்ச காத்து?" என்றாள். தையல்காரர் தன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். புதியதில் அக்காவை ஏற்றி உட்காரவைத்து, அவள் எடைக்கு ஏற்ற காற்று போதும் என்று புஸ்ஸென்று பாதியை இறக்கினாள்.

வெள்ளிக்கிழமை தையல்காரர் ஒரே சட்டையில் இரண்டு இடக்கைகளைத் தைத்தார். இரண்டு மணிக்குக் கடையை அடைத்துவிட்டுத் தபால் ஆபீசுக்குப் போனார்.

"என்ன வேணும்?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"ஒரு கார்டு."

யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் தன் முகவரியையே எழுதினார். போஸ்ட்மாஸ்டர் அதைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. வண்டி டிரைவர் பின்கதவைத் திறந்துவைத்தார். இரண்டு நாற்பது.

இரண்டு நாற்பத்தாறுக்கு மணிச் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. படிக்கு முன்னால் நின்று, இடது காலைத் தரையில் ஊன்றினாள், கதவைத் திறந்து வீட்டுக்குள் வருகிறவள் போல. தையல்காரர் வேறு எதையும் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்தார்.

போஸ்ட்மாஸ்டர் அவள் மலையிலிருந்து கொண்டுவந்த தபாலை எண்ணி வண்டியில் ஏற்றினார். பதிவேட்டைத் திறந்து, மலை ரூட் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதிப் பேனாவை நீட்டினார். அவளால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. இறக்கம் முழுக்க பிரேக் பிடித்த விரல்கள் தந்தியடித்தன.

"நான் வேணா போடட்டுமா?" என்றார் கணவர்.

"அவங்கதான் போடணும்" என்றார் போஸ்ட்மாஸ்டர். முதல்முறையாக அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தார்.

கோணல்மாணலாக ஒரு கையெழுத்து விழுந்தது. அவள் அதை ஊதிக் காயவைத்தாள்.

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கையில், "பிரேக் லீவர் விரலுக்கு எட்டல. இன்னும் உள்ளே கொண்டு வரணும். நாளைக்குக் காலைல கடை திறந்ததும் போகணும்" என்றாள்.

"நானும் வரட்டுமா?"

அவள் யோசித்தாள்.

"வாங்க. ஆனா பேசக் கூடாது."