கிழிசல் தெரியாத தையல்

அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பைப் பாதியில் நிறுத்திய பிள்ளைகளின் உடுப்புகள், பிள்ளைகள் இல்லாமலேயே வகுப்புக்குப் போய்வந்தன. காலையில் முதல் மணி அடித்ததும் தையல் அறைக் கொக்கிகளிலிருந்து இறங்கும். சாம்பல் நிறப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக வராந்தாவில் வரிசையாக நடந்து, அதனதன் பெஞ்சில் போய் உட்காரும். டீச்சர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்த உடுப்பு காலிச் சட்டைக்கையைத் தூக்கும். கடைசி மணி அடித்ததும் திரும்பி வந்து கொக்கியில் தொங்கிக்கொள்ளும். முதன்முதலாக இது நடந்த அன்று கணக்கு டீச்சர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாராம். காலர் பட்டனைப் போடச் சொல்லி அந்த உடுப்பைக் கண்டித்துவிட்டுப் பின்னக் கணக்கைத் தொடர்ந்தாராம். பரீட்சை எழுதாததால் அவை பாஸாகவும் இல்லை, பெயிலாகவும் இல்லை. எட்டாவதில் நின்ற ஒருத்தியின் உடுப்பு, அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் எட்டாவதிலேயே உட்கார்ந்திருந்தது.

இதற்கெல்லாம் மூலகாரணம் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்த பெரிய டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், மகா பிடிவாதக்காரி. அப்பாவின் சோப்புக் கிடங்கு பங்குக்கு வந்தபோது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அண்ணன்மாரை நாலு கேள்வி கேட்டு அதைத் தன் பேருக்கு எழுதி வாங்கியவர். சர்க்கார் தயவும் வேண்டாம், சாமி பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் தயவும் வேண்டாம் என்று அந்தக் கிடங்கிலேயே பெஞ்சைப் போட்டு வகுப்பை ஆரம்பித்துவிட்டார். விடுதி கட்டச் சொன்னவர்களிடம், பிள்ளைகளை அடைத்து வளர்க்க இது கோழிப்பண்ணை இல்லை, காலையில் வரட்டும், சாயங்காலம் வீட்டுக்குப் போகட்டும் என்றார். மழைக்காலத்தில் சுவர்களில் நுரை பொங்கும். பிள்ளைகள் அதை வழித்தே கை கழுவுவார்கள். அவர் போட்ட விதிகள் இரண்டுதான். உடுப்பு பள்ளிக்கூடத்துச் சொத்து, பத்தாவது முடியும்வரை அது வகுப்பில் இருந்தாக வேண்டும். கிழிந்த உடுப்பு எதுவும் வகுப்புக்குள் நுழையக் கூடாது. பிள்ளையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் உடுப்பைத் துவைத்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். பெற்றவர்கள் மதிக்காத விதியைத் துணி மதித்தது. அவ்வளவுதான் விஷயம்.

பெரிய டீச்சர் காலமாகிப் பல வருஷம் கழித்துத்தான் நம் தையல் டீச்சர் அங்கே வேலைக்கு வந்தார். ஆறாவதுப் பிள்ளைகளுக்குச் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுப்பதும், முதல் மணிக்கு முன்னால் கிழிந்த உடுப்புகளைச் சரிசெய்வதும் அவர் வேலை. கொக்கியில் தொங்கிய உடுப்புகள் இரவில் கிழியும். சாயங்காலம் முழுசாக வந்து மாட்டிக்கொண்டது காலையில் காலர் பிய்ந்து கிடக்கும். முழங்கைப் பக்கம் கருகியிருக்கும். சில நாள் ரத்தம்கூட இருக்கும். எப்படி ஆயிற்று என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. டீச்சர் வாயைத் திறக்காமல் பாவாடையின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, அந்த நூலைக்கொண்டே இழைக்கு இழை பின்னுவார். முடித்த பிறகு கிழிசல் எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியாது. கைராசிக்காரி என்று பேர் வாங்கினார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கை.

ஒருநாள் காய்கறிக் கடையில், ஒன்பதாவதில் நின்றுபோன பெண் ஒருத்தி அவரை ஓரமாகக் கூப்பிட்டு முழங்கையைக் காட்டினாள். தோல் வழவழவென்று இருந்தது.

"நேத்து ராத்திரி கரண்டியக் காய்ச்சி வச்சாங்க டீச்சர். காலைல உங்க மணி அடிக்கறதுக்குள்ள தோல் ஒட்டிருச்சு. உங்க கைதானே?"

டீச்சர் அன்று கால் தரையில் பாவாமல் வீட்டுக்குப் போனார். பேச்சுக்குச் சொல்கிறோம், அந்த ஊரில் யாரும் பறந்ததில்லை. சேதி பரவியது. நல்ல சேதிதானே என்று எல்லோரும் நினைத்தார்கள், அங்கேதான் பிடித்தது சனி. பாதியில் நிறுத்தினாலும் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று பெற்றவர்கள் தைரியமாக நிறுத்தினார்கள். விடிந்தால் சரியாகிவிடும் என்று புருஷன்மார் தைரியமாகக் கையை நீட்டினார்கள். தையல் அறையில் கொக்கிகள் போதாமல் தச்சரைக் கூப்பிட்டு இன்னொரு வரிசை அடித்தார்கள். டீச்சர் இருட்டு பிரிவதற்குள் வேலைக்கு வர ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவளை வாயாடி என்பார்கள். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். அவள் பத்தாவதில் இருந்தபோது பெரியப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தான், குனிந்த தலை நிமிராத பையன் என்றார்கள். வாயாடியின் அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழகாதவர். மகள் அம்மாவிடம்தான் கெஞ்சினாள். பத்தாவது மட்டும் முடித்துக்கொள்கிறேன், அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் தள்ளிவிடுங்கள் என்றாள். டீச்சர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அவர் சொன்னால் கொஞ்சம் எடுபடும். ஆனால் வேறு எந்தத் தாய்க்கும் வராத ஒரு நினைப்பு அவருக்கு வந்தது.

"போயிட்டு வாடி. உன் உடுப்பு என் கையிலதான இருக்கு. எதுவானாலும் நான் இருக்கேன்ல."

கல்யாணம் முடிந்தது. உடுப்பைக் கொடுக்க வேறு யார் வருவார்கள்? டீச்சரே துவைத்து, இஸ்திரி போட்டு, தன் தையல் மிஷினுக்கு நேர் எதிரே இருந்த கொக்கியில் மாட்டினார். முதலில் ஒரு பட்டன் தெறித்திருந்தது. சின்னஞ்சிறுசுகள், சண்டை வரும், போகும் என்று பட்டனைத் தைத்தார். அப்புறம் சட்டைக்கை கிழிந்தது. அப்புறம் தினமும் ஏதோ ஒன்று. மற்ற உடுப்புகளைத் தைக்கும்போது ஒருநாளும் ஊசி குத்திக்கொள்ளாத விரல், இதைத் தைக்கும்போது குத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் கிழிசல் தெரியாமல்தான் தைத்தார்.

மழைக்கால ஆரம்பத்தில் மகள் மாற்றுத்துணிகூட இல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். இனி போக மாட்டேன் என்றாள். பெரியப்பாவுக்கு ஆள் போயிற்று. பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தான், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை, அவ்வளவு மரியாதை.

"உடம்புல ஒரு கீறல் காட்டட்டும் மாமா. இப்பவே விட்டுட்டுப் போயிடறேன்."

மகள் சட்டைக்கையை ஏற்றிக் காட்டினாள், கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். அப்போது பிறந்த குழந்தையின் உடம்பு மாதிரி இருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். ஏட்டு நல்ல மனிதர், மின்விசிறியைக்கூட அவள் பக்கம் திருப்பிவைத்தார். ஆனால் எதைப் பார்த்தம்மா எழுதுவது என்று கையை விரித்துவிட்டார். டீச்சர் தன் ஊசியைப் பற்றிச் சொன்னார். ஊருக்கே தெரிந்த கதைதான் என்று ஏட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் ஊருக்குத் தெரிந்ததை எழுத அவரிடம் இடம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் டீச்சர் புருஷனிடம் சண்டைக்கு நின்றார். அந்த மனிதர் கோபத்தோடு சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார்.

"நீதான் தினம் சரிபண்ணிடறியே. அப்புறம் என்ன?"

சாயங்கால பஸ்ஸில் மகளை ஏற்றிவிட்டார்கள். வாயாடி என்று பேரெடுத்தவள் அன்று அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினாள்.

"தைக்காதம்மா."

சொல்வது சுலபம். பெற்ற பிள்ளையின் தோலைக் கிழிந்தபடி விட எந்தக் கைக்கு மனசு வரும்? நாளை முதல் தைக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுத்தார், ஒவ்வொரு நாளும் தைத்தார். தைக்காமல் விட்டால் அவள் செத்துப்போய்விட்டால்? தைத்துக்கொண்டே இருந்தால் அவள் சாகிறவரைக்கும் இதேதானே? மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. டீச்சருக்குப் பாதித் தலை நரைத்தது.

பனி விழ ஆரம்பித்திருந்த ஒரு காலையில் மகளின் உடுப்பு தோளிலிருந்து இடுப்புவரை பிளந்து, நனைந்து தொங்கியது. டீச்சர் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். வழக்கம்போல உள்மடிப்பிலிருந்து நூலை உருவினார். ஊசியில் கோத்தார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வெளியே வாசல் கூட்டுகிற சத்தம் வந்து நின்றது, பிள்ளைகள் வருகிற சத்தம் ஆரம்பித்தது. முதல் மணி அடித்தது. உடுப்பு அவர் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, பிளந்த முதுகோடு வராந்தாவில் நடந்தது. அன்று தைக்காமல் கிடந்த மற்ற உடுப்புகளும் பின்னாலேயே இறங்கிப் போயின. தலைமையாசிரியை ஓடிவந்து வழிமறித்தார். இது என்ன கோலம், பெரிய டீச்சர் போட்ட விதி என்ன ஆவது, பிள்ளைகள் பார்க்கிறார்கள், உடனே தைத்து அனுப்புங்கள் என்று படபடத்தார்.

"தைக்க மாட்டேன். பாக்கட்டும்."

சொல்லிவிட்டு டீச்சர் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடினார். பஸ் பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளையின் பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் மகள் குப்புறக் கிடந்தாள். முதுகில் இரும்புப் பட்டை பட்ட இடம் திறந்துகிடந்தது. அக்கம்பக்கத்தார் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள். அதுவரை கேட்டது மட்டும்தான். டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தச் சொன்னார். அவ்வளவு ரத்தத்திலும் நிறுத்தச் சொன்னார். ஏட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நின்றபடியே எழுதினார். மாப்பிள்ளையைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதார். அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மகள் பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சாயங்காலம் சொன்னார், தழும்பு மட்டும் போகாது என்றார். போக வேண்டாம் என்றார் டீச்சர்.

மறுநாள் முதல் மணி அடித்தபோது ஒரு உடுப்பு கொக்கியிலிருந்து இறங்கவில்லை. டீக்கடைக்காரர் மகளுடையது. ஆள் குள்ளமாக, துறுதுறுவென்று இருந்ததால் பள்ளிக்கூடத்தில் அவளைக் கட்டெறும்பு என்பார்கள். முந்தின நாள் தைக்காமல் போனவற்றில் அதுவும் ஒன்று. காலருக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். டீச்சரின் கைக்கு அது ஒரு வேலையே இல்லை. நடந்தது பிற்பாடு தெரியவந்தது. கட்டெறும்பு முந்தின நாள் விடிகாலையில் கழுத்தில் துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரையும் கூப்பிடவில்லை. எப்போதும் முதல் மணிக்குள் மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். மணி அடிக்கும்வரை காத்திருந்திருக்கிறாள். மணியும் அடித்தது, கீறல்தான் மூடவில்லை.

வாயாடி அடுத்த வருஷம் தன் உடுப்புக்குள் தானே நுழைந்து பத்தாவதுக்குத் திரும்ப வந்தாள். பிளந்த இடத்தைத் தைக்க விடவில்லை. தலைமையாசிரியை விதியை மாற்றி எழுதினார்; கிழிந்த உடுப்பும் வகுப்புக்குள் வரலாம் என்று ஆயிற்று. அந்த வருஷம் ஊரில் ஒருத்தரும் பிள்ளையைப் பாதியில் நிறுத்தவில்லை. அதற்கடுத்த வருஷம் இரண்டு பேர் நிறுத்தினார்கள். மனுஷ புத்தி அவ்வளவுதான். டீச்சர் இப்போது கிழிந்த உடுப்பைக் காலையில் முதலில் வாசல் கேட்டில் மாட்டுகிறார். போகிறவர் வருகிறவர் பார்த்து, ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து எழுதிக்கொண்டு போன பிறகே ஊசியைத் தொடுகிறார். ஆபத்தான கிழிசல் என்றால் உடனே தைத்துவிடுகிறார். எது ஆபத்து, எது இல்லை என்று உடுப்பைப் பார்த்து முடிவெடுப்பது அவர் தலையில் விழுந்தது. சில நாள் தப்பாகவும் போகிறது.

டீக்கடைக்காரர் மனைவி ஒரு வருஷம் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு காலையில் தையல் அறை வாசலில் வந்து நின்றாள். டீச்சர் எழுந்து நின்றார். இந்த நாள் வரும் என்று அவருக்குத் தெரியும். என்னென்னவோ சொல்ல யோசித்தும் வைத்திருந்தார்.

"உங்க பொண்ணுக்காக ஓடினீங்க. தப்பு சொல்ல மாட்டேன் டீச்சர். போறப்ப என் பொண்ணோடத ஒண்ண மட்டும் தைச்சிட்டுப் போயிருக்கலாம்ல?"

"தைச்சிருக்கலாம்."

அந்த அம்மா மகளின் உடுப்பைக் கொக்கியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊசி கேட்டாள். டீச்சர் நூல் கோத்துக் கொடுத்தார். தையல் தெரியாத கை. கோணல்மாணலாக, தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி தைத்தாள். முதல் மணி அடித்தது. மற்ற உடுப்புகள் இறங்கி, இருவருக்கும் நடுவே வழிபார்த்து, வகுப்புக்குப் போயின. மடியில் இருந்தது அசையவில்லை. அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்ததைப் பிரித்தாள்.

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடி வர்றேன் டீச்சர்."

"வாங்க" என்றார் டீச்சர், அவளுக்கென்று ஒரு நாற்காலியை மிஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.