கேப்டனுக்கு நீச்சல் தெரியாது

கேப்டன் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தங்கும் விடுதியின் அத்தனை ஜன்னல்களுக்குமான சாம்பல் நிறத் துணி மேஜையிலிருந்து வழிந்து, தரையெல்லாம் பரவி, வாசல்வரை போயிருந்தது. எதிரே உட்கார்ந்து வளையம் கோத்துக்கொண்டிருந்த தங்கை, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு என்ன பண்ணப் போறே?"

"படகுல ஏறுவேன்."

"ஏறுவே. அப்புறம்?"

கேப்டன் இதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை. நீச்சலும் தெரியாது.

அவள் கேப்டன் ஆனது ஒரு புத்தக வரிசையால். மூன்று பிள்ளைகள், ஒரு பூனை, ஒரு சின்னப் பாய்மரப் படகு. கோடை முழுக்கத் தீவு தீவாகப் போவார்கள். அதில் வரும் பெரியவர்கள் 'ஜாக்கிரதை' என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். சிறுவயதில் அதைப் படித்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மணிக்கணக்கில் துடுப்புப் போட்டவள் அவள். தலை நரைத்த பிறகுதான், இதே பைத்தியம் பிடித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், மின்னஞ்சல் குழுமம் வைத்துப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. சேர்ந்துகொண்டாள். படகின் கிழிந்த பாயை எப்படித் தைப்பது என்று யாரோ கேட்டார்கள். துணியின் எந்த ஓரம் காற்றில் முதலில் விட்டுக்கொடுக்கும், அங்கே எப்படி மடித்து இரட்டைத் தையல் போடவேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினாள். அவள் எழுதியது ஜன்னல் சீலையைப் பற்றி. கடலில் பழுத்த கை என்று அவர்கள் நினைத்து, ஒருமனதாகக் கேப்டன் ஆக்கிவிட்டார்கள். மறுத்து எழுத உட்கார்ந்தபோது 'கேப்டன் அவர்களுக்கு வணக்கம்' என்று மடல்கள் வந்து குவிந்திருந்தன. யாருக்குத்தான் மனசு வரும்?

குழுமத்துக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. கரைச் செய்தி எழுதக்கூடாது. பெயர், வேலை, வியாதி, பிள்ளைக்குக் கல்யாணம் எதுவும் கூடாது. வானிலை மட்டும் எழுதலாம். அடுத்தது, உத்தரவில்லாமல் துணைமாலுமி கயிற்றைத் தொடக்கூடாது. துணைமாலுமி கேட்காமல் கேப்டன் வாய் திறக்கக்கூடாது. வளர்ந்தவர்கள் இப்படியா விளையாடுவார்கள் என்று கேட்கிறவர்கள் எழுந்து போய்ச் சீட்டாடலாம்.

அவளுக்கு வாய்த்த துணைமாலுமி தினமும் எழுதுவார். சாயங்காலம் தையல் மெஷினை மூடியதும் அவருடைய மடலைத் திறப்பாள். அது வராத நாளில் சாப்பாடு இறங்காது. தங்கையிடம் சொல்லாதது, கல்யாணம் ஆகாமல் நின்றுபோன வருஷங்களில் யாரிடமும் சொல்லாதது எல்லாம், தீவு, நீரோட்டம், தென்காற்று என்று வேஷம் போட்டு அந்த மடல்களுக்குள் போய்விடும். ஒருநாள் இருவருமே ஆலங்கட்டி மழை என்று எழுதினார்கள், அதுவும் ஒரே நேரத்தில். பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று அப்படித்தான் குட்டு உடைந்தது. நீர்த்தேக்கத்தில் பாய்மரப் படகு வாடகைக்குக் கிடைக்கிறது, ஒருமுறை உங்கள் உத்தரவில் ஓட்டவேண்டும் என்று அவர் எழுதினார். 'ஆகட்டும்' என்று அனுப்பிவிட்டுத்தான் இவள் யோசித்தாள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுக்கா. பேசாம காய்ச்சல்னு எழுதிடு."

"கரைச் செய்தி எழுதக்கூடாது."

"அப்போ போய் முழுகு," என்றாள் தங்கை. ஆனால் மறுநாள் அக்காவின் தலையை அவள்தான் வாரிவிட்டாள்.

கேப்டனுக்கு முழுகுவதைப் பற்றி அவ்வளவு பயமில்லை. பொய் வெளிப்பட்டால் மடல் நின்றுவிடும். பயம் அதுதான்.

நீர்த்தேக்கக் கரையில் காத்திருந்த துணைமாலுமி நெட்டையான மனிதர். வெள்ளைத் தொப்பி வைத்திருந்தார். எந்தச் சோப்புக்கும் போகாத எண்ணெய்க் கறுப்பு அவர் நகக்கண்களில் இருந்தது. படகுக்காரர், "ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டதற்கு அவர் நிமிர்ந்து நின்று, "இவங்க கேப்டன்," என்றார். படகுக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மிதவைச் சட்டைகளை மாட்டிவிட்டு, பாயை ஏற்றி, "இந்தக் கயிறு பாய்க்கு, அந்தக் கட்டை திருப்ப," என்று சொல்லித் தள்ளிவிட்டார்.

படகு போனது. யாரும் ஒன்றும் செய்யாமலே போனது. கரை தானாக விலகிற்று. மரங்கள் குட்டையாகி, படகுக்காரர் ஒரு புள்ளியானார். நடுநீரில் காற்று நின்றுவிட்டது. வெயில் தண்ணீரில் கலைந்து, திரும்ப வந்து, பாயின் அடிப்பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தட்டான் கயிற்றில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்ட கனவு இதேதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதில் தண்ணீர் மட்டும் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

அவர் உத்தரவுக்காகக் காத்திருந்தார். அவர் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். சட்டம் தெரிந்த இரண்டு பேர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இப்படி மிதக்கலாம். மிதந்தார்கள். நேரம் போனதே தெரியவில்லை.

பிறகு காற்று சொல்லாமல் வந்தது. பாய்க்கம்பு ஒரே வீச்சில் மறுபக்கம் திரும்பி அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. படகு சாய்ந்தது. கேப்டன் இரண்டு கையாலும் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"உத்தரவு, கேப்டன்?"

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். "நான் படகுல ஏறினதே இல்ல. ஜன்னலுக்குச் சீலை தைக்கிறவ."

படகு தானாக நிமிர்ந்தது. அவர் மிதந்து போகும் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். பெரும்புயல்ல மாட்டிக்கிட்டா கேப்டன் என்ன செய்வீங்கன்னு."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. நாலாவது புத்தகத்தில் வரும் புயல் என்று நினைத்து, குஷியாக எழுதியிருந்தாள்.

"கரையைத் தேடாதே, தேடினா கை நடுங்கும். அடுத்து வர்ற அலைக்கு மட்டும் படகைத் திருப்புன்னு எழுதினீங்க. அது எந்தப் புயல்ல கத்துக்கிட்டது?"

"புத்தகத்துல பாதி. மீதி நானா சேத்துக்கிட்டேன்." "விளையாட்டுன்னு நினைச்சேன்."

முடிந்தது, இனி மடல் வராது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"நான் லிஃப்ட் மெக்கானிக்," என்றார். "வாழ்க்கை பூரா மேலயும் கீழயும்தான் போயிட்டு வந்தேன். அப்ப என் சம்சாரம் ஆஸ்பத்திரியில இருந்தா. டாக்டர் சொல்ற எதுவும் எனக்கு ஏறல. கரைச் செய்தி எழுதக்கூடாதே, அதான் புயல்னு கேட்டேன். நீங்க எழுதினத பாக்கெட்டுல வச்சுக்கிட்டேன். இந்த ஒரு வாய் கஞ்சி. இந்த ஒரு மாத்திரை. இந்த ராத்திரி. அவ்வளவுதான் பாத்தேன். கடைசில அவ போயிட்டா."

அவள் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"நானும் போயிருக்கணும். ஆனா கரைக்கு வந்து சேந்துட்டேன், இல்லையா? படகு ஓட்டத் தெரியாதவங்க சொல்லி யாராவது கரை சேருவாங்களா? நீங்களே சொல்லுங்க."

கேப்டனுக்கு அழுகை வந்தது, அழுதாள். தூரத்தில் படகுக்காரர் எதையோ சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அது கேட்கவில்லை. மரியாதைக்காக இவர்களும் கையை ஆட்டினார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அவங்க பேரு என்ன?"

அவர் தயங்கினார். இத்தனை வருஷத்துச் சட்டம்.

"சொல்லுங்க," என்றாள். "இது உத்தரவு."

அவர் சொன்னார். கேப்டன் அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னாள்.