ஓடாத ஒரு நாள்

ஆந்திராவில் எங்கள் கம்பெனிக்கு இருந்த பலமனேர், ஸ்ரீ சிட்டி ஆலைகள் இரண்டும் பாதித் திறனில்தான் ஓடின. ஒன்றை மூடினால் லாபம் கூடும் என்று அறிக்கை எழுதியவன் நான். ஜூன் மாத உற்பத்தியில் பலமனேர் சற்றுப் பின்தங்கியதால் அதையே மூடச் சொன்னேன்.

தொழிலாளர்களிடம் காரணத்தை விளக்கப் போனேன். பேக்கிங் பிரிவு கன்னிகாக்கா கேட்டார்.

"பத்தாம் தேதி மெஷினே ஓடலன்னு எழுதிக்கிறியே நைனா, அன்னிக்கு நாங்க எங்க இருந்தோம்?"

அறிக்கையைப் புரட்டினேன்; பத்தாம் தேதிக்கு நேரே பூஜ்யம் இருந்தது.

"ஒம் பொண்டாட்டி காரியத்துல. மொத்த ஷிப்டும் பஸ் வெச்சிக்கினு ஒன் ஊரு குடுபல்லிக்கு வந்தோம். நீதான் யாரையும் நிமிந்து பாக்கல."

அந்த நாளைக் கழித்தால் பலமனேர்தான் முன்னால் நின்றது.

"இப்ப மாத்தி எழுத முடியுமா?"

"மூடுற ஆர்டர்ல கையெழுத்தாயிடுச்சுக்கா" என்றேன். அன்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை.