கேசிங் இறக்காத பாடம்

காளியண்ணனுக்கு அந்தக் கூட்ட அறையில் முதலில் பிடிக்காமல் போனது முந்திரிப் பருப்பு. ஆளுக்கொரு தட்டில் முந்திரி, பிஸ்கட், ஒரு வடை. பேச்சு தொடங்கும் முன்பே வாயை அடைக்கிறவன் பின்னால் எதையோ பிடுங்கப் போகிறான் என்பது எழுபது வயதில் அவர் கண்ட உண்மை.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் மூன்று ரிக் வண்டி வைத்திருப்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். புதிதாக ஒரு படிப்பு கொண்டுவந்தால், அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவர் பாடத்திட்டக் குழுவில் உட்கார வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. நிலவியல் துறையில் ஆழ்துளைக் கிணறு பற்றி ஒரு வருடப் படிப்பு வரப்போகிறது. அதை எழுதிய உதவிப் பேராசிரியை அறிவுச்செல்வி மூன்று தடவை வீடு தேடி வந்து கூப்பிட்டாள். அவள் திட்டத்தில் ஆறு நாள் களப்பயிற்சி இருந்தது. பிள்ளைகள் ரிக் பக்கத்தில் நின்று வேலை பார்க்க வேண்டும். அந்த ஆறு நாளுக்காகத்தான் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

காரணம் இருந்தது. தை மாதம் ஜேடர்பாளையம் பக்கம் முத்தாயம்மாளின் விவசாயக் காட்டில் போர் போட்டபோது, இதே துறையில் முதல் வகுப்பில் தேறி அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த சித்தார்த் நின்று வேலையைப் பார்த்தான். மேல்மண் சரியாமல் இருக்க, பாறை தட்டும் வரை கேசிங் குழாய் இறக்க வேண்டும். நாற்பது அடியில் டங்கென்று சத்தம் கேட்டதும் பாறை என்று நிறுத்திவிட்டான். அது மண்ணுக்குள் கிடந்த உருண்டைக் கல். பத்தடிக்கு ஒரு குவியலாக துளையிலிருந்து வெளியே கொட்டி வைத்த தூளை ஒரு கை அள்ளிப் பார்த்திருந்தால், இன்னும் மண்தான் வருகிறது என்று தெரிந்திருக்கும். அவன் போனில் வரைபடத்தைப் பார்த்தான். இருநூறு அடி போனபோது மேலே மண் சரிந்து, துளை போடும் ஹேமரும் ராடும் உள்ளேயே மாட்டிக்கொண்டன; போட்ட குழி வீணானது. முத்தாயம்மாள் குழிமேட்டில் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

கூட்டத்தில், பாடத்தின் நோக்கமாக மாணவர்கள் 'அறிந்துகொள்வர்' என்று போடுவதா, 'புரிந்துகொள்வர்' என்று போடுவதா என்று அரைமணி நேரம் ஓடியது. சென்னையிலிருந்து வந்த வல்லுநர் இரண்டையும் போடச் சொல்லிவிட்டு, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார். பிறகுதான் துறைத் தலைவர் செந்தமிழன் செலவுப் பக்கத்தைப் புரட்டினார்.

"இந்த வருஷம் துறைக்கு வந்தது ஸ்மார்ட் போர்டுக்கே சரியாப் போச்சு. அதனால அந்த ஆறு நாளையும் வீடியோவா மாத்தியாச்சு."

அறிவுச்செல்வி தலை நிமிரவில்லை.

"ஏனுங்க, டிவிப் பொட்டியில தூளு கையில ஒட்டுங்களா?" என்றார் காளியண்ணன்.

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பஸ் வாடகைக்கு வழியில்லீங்க ஐயா" என்றார் செந்தமிழன்.

"நம்ம லாரியில ஏத்திட்டுப் போறனுங்க."

"லாரியில மாணவர்களை ஏத்தக் கூடாது."

"செரி, நானே வேன் புடிக்கறன்."

"வெளியாள் செலவு பண்ண விதியில இடமில்லை."

"ஓசியும் ஆகாது, உங்ககிட்டக் காசும் இல்ல. அப்பறம் என்னைய எதுக்குங்க கூப்புட்டீங்க, முந்திரி திங்கவா?"

செந்தமிழன் சிரித்தபடியே, வல்லுநர் கையெழுத்துப் போட்டிருந்த அந்தத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். கூட்டம் முடியவில்லை, கூட்டக் குறிப்பு காலையிலேயே இங்கிலீசில் அச்சாகியிருந்தது. தன் பெயர் இருந்த வரியை அறிவுச்செல்வியை வாசிக்கச் சொன்னார் காளியண்ணன். அவள் மெல்லிய குரலில் தமிழில் சொன்னாள்: "தொழில்துறை வல்லுநர் இப்பாடத்திட்டத்தை வெகுவாகப் பாராட்டினார்."

"நா எப்பப் பாராட்டுனன்? வடை நல்லாருக்குதுன்னுகூடச் சொல்லலியே!"

"வழக்கமாப் போடறதுதாங்க. நீங்க கையெழுத்துப் போடலைன்னா, வரலைன்னு குறிச்சுக்குவோம். அவ்வளவுதான்" என்றார் செந்தமிழன்.

வந்து உட்கார்ந்தவனை வரவில்லை என்பதா? ரிக் வேலையில் அடிக்கணக்கில்தான் கூலி; ராடு இறங்க இறங்கக் காட்டுக்காரரும் துளை போடும் டிரில்லரும் சேர்ந்து எண்ணி நோட்டில் குறிப்பார்கள். தகராறு இருந்தால் அந்த நோட்டிலேயே, குழிமேட்டிலேயே எழுதிவிட வேண்டும். வண்டி நகர்ந்தபின் பேச்சில்லை. அவர் பேனாவை வாங்கி, வல்லுநரின் கையெழுத்துக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் எழுதினார்: 'ஆறு நாள் காட்டு வேலை இல்லாத படிப்புக்கு எனக்குச் சம்மதம் இல்லை. காளியண்ணன்.'

"வேற பக்கம் அடிச்சுட்டு வாங்க!" என்று செந்தமிழன் கத்தினார்.

"சார், சென்னை சார் போயிட்டாரே. இன்னிக்குத்தான் அனுப்பக் கடைசி நாள், புதுப் பக்கத்துல அவர் கையெழுத்துக்கு எங்க போறது?" என்றாள் எழுத்தர் சௌமியா.

செந்தமிழன் கோப்பை மூடினார். "அப்ப இந்த வருஷம் இது போகாது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

வெளியே வேப்பமரத்தடியில், கோப்போடு வந்த அறிவுச்செல்வி அவரைப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

"மூணு வருஷ உழைப்புங்க ஐயா. ஆரம்பிச்சிருந்தா, அடுத்த வருஷம் சண்டை போட்டு அந்த ஆறு நாளை வாங்கியிருப்பேன். இப்ப ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டீங்க."

"போரப் போட்டுட்டு அப்பறம் கேசிங் எறக்க முடியுமா அம்மிணி?"

"இது போர் இல்லீங்க. இங்க அப்படித்தான் எறக்கணும்."

அவருக்கு அவள் சொல்வதும் நிஜமாக இருக்கலாம் என்று தோன்றியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. வாழப்பாடியில் நிற்கும் வண்டியிலிருந்து சித்தார்த்; குரல் வெளியே வரை கேட்டது.

"ஐயா, நாப்பத்தஞ்சு அடியில பாறை தட்டிருச்சுங்க. கேசிங்க நிறுத்தீரட்டுங்களா?"

"தூள அள்ளிப் பாத்தியா?"

கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேல் சித்தார்த் கத்தினான்.

"மேப்புல பாறைன்னுதானுங்க..."

"டேய், வண்டிய நிறுத்து! நா வாரன்!"

அறிவுச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.  கோப்பைக் களப்பயிற்சிப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, செந்தமிழனைத் தேடி மறுபடியும் உள்ளே போனாள்.